மீட்ட பூனைக்குச் சுகர்: வீட்டிலேயே பார்த்துக்கொள்ள முழுமையான வழிகாட்டி

தெருவிலிருந்து தூக்கி வந்த பூனை வாளித் தண்ணீரையும் பூந்தொட்டித் தட்டையும் விடாமல் நக்குகிறது. வயிறாரச் சாப்பிட்டும் இடுப்பெலும்பு துருத்திக்கொண்டே போகிறது. லிட்டர் ட்ரேயில் சிறுநீர்க் கட்டிகள் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு பெரிதாக இருக்கின்றன. சில வீடுகளில் பூனை மூத்திரம் போன இடத்தில் எறும்பு மொய்க்கும். முற்றிய நிலையில் பூனை விரல் நுனியில் நடக்காமல், பின்னங்கால் குதி தரையில் பட நடக்கும். சர்க்கரை நரம்பைப் பாதித்துவிட்டது என்பதற்கு அது அடையாளம். இவற்றில் இரண்டு சேர்ந்து தெரிந்தாலே சுகர் பரிசோதனை செய்துவிட வேண்டும்.

பூனைக்கு வரும் சர்க்கரை நோயை வீட்டில் கட்டுப்படுத்த முடியும். சீக்கிரம் கண்டுபிடித்துச் சரியாகப் பார்த்துக்கொண்டால் இன்சுலினே தேவைப்படாத நிலைக்குத் திரும்பும் பூனைகளும் உண்டு. ஆனால் ஒன்றை மனதில் ஏற்றிக்கொண்டுதான் தொடங்க வேண்டும்: கூடிய சர்க்கரை வாரக்கணக்கில் உடம்பைக் கெடுக்கும், குறைந்த சர்க்கரை சில மணி நேரத்தில் உயிரை எடுத்துவிடும். கீழே வரும் ஒவ்வொரு முடிவும் இந்தக் கணக்கிலிருந்து வருவதுதான்.

முதலில் நோயை உறுதிசெய்யுங்கள்

பயந்த பூனைக்குச் சர்க்கரை தானாகவே ஏறும். கூடையில் அடைத்து, ஆட்டோவில் ஏற்றி, நாய்கள் குரைக்கும் வரிசையில் உட்கார வைத்து எடுத்த ரத்தத்தில் சர்க்கரை டெசிலிட்டருக்கு 300 மி.கி. காட்டினாலும் அது நோயாக இல்லாமல் இருக்கலாம். மீட்ட பூனைகள் விஷயத்தில் இது அடிக்கடி நடக்கும். மனிதக் கைக்கே பழகாத பூனை அது. ஒரே ஒரு ரீடிங்கை நம்பி இன்சுலின் தொடங்கக் கூடாது.

உறுதிசெய்ய இரண்டு வழிகள் உண்டு. ஃப்ரக்டோசமின் என்ற ரத்தப் பரிசோதனை, முந்தைய ஓரிரு வாரங்களில் சர்க்கரை சராசரியாக எப்படி இருந்தது என்று சொல்லும். அன்றைய பயம் அதை மாற்றாது. இன்னொன்று சிறுநீர். ரத்தத்தில் சர்க்கரை ஏறத்தாழ 250 முதல் 290-ஐத் தாண்டினால்தான் பூனையின் சிறுநீரில் இறங்கும். பூனை வீட்டில் அமைதியாக இருக்கும் இரண்டு மூன்று நாட்களில் எடுத்த சிறுநீர் ஒவ்வொன்றிலும் சர்க்கரை இருந்தால் அது பயத்தால் ஏறியதல்ல. சிறுநீர் பிடிக்க, ட்ரேயில் மணலுக்குப் பதில் நன்றாகக் கழுவிக் காயவைத்த மீன்தொட்டிக் கூழாங்கல்லை ஒரே அடுக்காகப் பரப்புங்கள். அது உறிஞ்சாது, அடியில் தேங்குவதைச் சிரிஞ்சால் எடுத்து ஸ்ட்ரிப்பில் விடலாம்.

வயதான பூனையில் தைராய்டு கூடுதலும் சிறுநீரகக் கோளாறும் இதே போலத் தாகமும் மெலிவும் தரும். எனவே தைராய்டு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், சிறுநீர்த் தொற்று, பூனைகளின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் எஃப்ஐவி, எஃப்இஎல்வி வைரஸ்கள் ஆகியவற்றையும் ஒரே முறையில் பார்த்துவிடுவது நல்லது. 1903-இல் தொடங்கி இப்போது வேப்பேரியில் இயங்கும் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையை அணுகலாம். பூனைகளை நிறையப் பார்க்கும் தனியார் க்ளினிக் இருந்தால் அங்கேயும் போகலாம். எங்கே போனாலும், ராத்திரி அவசரம் வந்தால் எந்த இடம் திறந்திருக்கும் என்பதை அன்றே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மீட்ட பூனையில் மட்டும் தோண்டிப் பார்க்க வேண்டிய மூன்று விஷயங்கள் உண்டு. ஒன்று, ஸ்டீராய்டு. ஈறு அழற்சிக்கும் தோல் அரிப்புக்கும் தெருப் பூனைகளுக்கு டெக்ஸாமெதசோன், பிரெட்னிசோலோன், வாரக்கணக்கில் உடம்பில் தங்கும் ஊசிகள் எல்லாம் போடுவதுண்டு. இவை நேரடியாகச் சுகரைக் கொண்டுவரும். இதுவரை சாப்பாடு போட்டவர், முன்பு சிகிச்சைக்குத் தூக்கிப் போனவர் என்று எல்லோரையும் விசாரியுங்கள். இரண்டு, பல். சீழ் பிடித்த வாய் இருக்கும்வரை இன்சுலின் சரியாக வேலை செய்யாது. மூன்று, கருத்தடை. பெண் பூனை சினைப்பருவத்துக்கு வந்துகொண்டிருந்தால் அந்த ஹார்மோன் இன்சுலினை எதிர்க்கும். குட்டி போடாமலிருக்கக் கொடுக்கும் மெஜெஸ்ட்ரால் மாத்திரையும் அப்படியே. காது நுனி வெட்டப்பட்டிருந்தால் கருத்தடை முடிந்திருக்கும். இல்லையென்றால் சர்க்கரை ஓரளவு நிலைப்பட்டதும் செய்துவிட வேண்டும்.

இன்சுலினும் சிரிஞ்சும்: உயிர் போகிற இடம் இதுதான்

பூனைகளுக்கு இன்று அதிகம் எழுதப்படுவது கிளார்ஜின். மனிதர்களுக்கு லான்டஸ், பாசலாக் போன்ற பெயர்களில் மெடிக்கல் ஷாப்பில் கிடைப்பது. 12 மணி நேரத்துக்கு ஒரு முறை. தொடக்க அளவு பொதுவாகக் கிலோவுக்கு 0.25 முதல் 0.5 யூனிட், 4 கிலோ பூனை என்றால் பெரும்பாலும் வேளைக்கு 1 யூனிட்டில் தொடங்குவார்கள். எடை கூடிய பூனைக்கு அது இருக்க வேண்டிய எடையை வைத்துத்தான் கணக்கு. இறுதி அளவு டாக்டர் எழுதித் தருவது மட்டுமே.

நம் ஊரில் இன்சுலின் பெரும்பாலும் இரண்டு செறிவுகளில் வருகிறது. ஒரு மி.லி.யில் 40 யூனிட் இருப்பது யு-40. 100 யூனிட் இருப்பது யு-100. சிரிஞ்சும் அப்படியே: யு-40 சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, யு-100 சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. நாம் வாங்கும் கிளார்ஜின் யு-100. கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதாங்க" என்று சிவப்பு மூடியை நீட்டினால், அதில் 1 என்ற கோடு வரை இழுத்த கிளார்ஜின் உண்மையில் 2.5 யூனிட். 4 கிலோ பூனையை அந்த ஒரு தவறு வலிப்பில் தள்ளிவிடும். மாறாக, கால்நடைகளுக்கான யு-40 இன்சுலினை ஆரஞ்சு மூடியில் இழுத்தால் 1 யூனிட்டுக்குப் பதில் 0.4 தான் போகும். பூனைக்கு மருந்தே கேட்கவில்லை என்று நினைத்து அளவைக் கூட்டிக்கொண்டே போவீர்கள். குப்பி, சிரிஞ்ச் இரண்டின் மேலும் உள்ள எண்ணைப் பொருத்திப் பாருங்கள். ஒவ்வொரு புதுப் பெட்டியிலும் பாருங்கள். மி.லி.க்கு 300 யூனிட் கொண்ட கிளார்ஜின் பேனாவும் உண்டு. அதிலிருந்து சிரிஞ்சால் ஒருபோதும் இழுக்கக் கூடாது.

சிரிஞ்ச் 0.3 மி.லி., ஊசியின் தடிமன் 31 கேஜ், முடிந்தால் அரை யூனிட் கோடு போட்டது. 1 மி.லி. சிரிஞ்சில் 1 யூனிட்டைக் கண்ணால் பிரித்துப் பார்ப்பது கடினம். இன்சுலின் 10 மி.லி. குப்பியாக வாங்கத் தேவையில்லை, 3 மி.லி. கார்ட்ரிட்ஜில் 300 யூனிட் இருக்கிறது. வேளைக்கு 1 யூனிட் என்றால் அதுவே மாதக்கணக்கில் வரும். திறந்த பிறகு 28 நாள் என்பது மனிதப் பயன்பாட்டுக்குத் தயாரிப்பாளர் சொல்வது. விடாமல் ஃபிரிட்ஜில் இருந்தால் அதற்கு மேலும் பயன்படுத்தப் பல கால்நடை மருத்துவர்கள் அனுமதிக்கிறார்கள். அதை உங்கள் டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். கிளார்ஜின் தண்ணீர்போலத் தெளிவாக இருக்க வேண்டும். கலங்கினாலோ துகள் மிதந்தாலோ தூக்கிப் போட்டுவிட வேண்டும். அதில் தண்ணீரோ சலைனோ கலந்து நீர்க்கச் செய்யக் கூடாது. அதன் அமிலத்தன்மை மாறினால் நீண்ட நேரம் வேலை செய்யும் குணமே போய்விடும்.

தாத்தாவுக்கு வாங்கிய 30/70 கலவை இன்சுலினைப் பூனைக்குப் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. போடக் கூடாது. பூனையின் உடம்பில் அது வேகமாக இறக்கி, வேகமாகத் தீர்ந்துவிடும். மனிதர்களின் மெட்ஃபார்மின் பூனைக்கு உருப்படியாகப் பயன்படுவதில்லை. ஆவாரம்பூ, வெந்தயம், பாகற்காய்ச் சாறு என்று ஊட்டுவதில் பூனை வாந்தி எடுத்துச் சாப்பாட்டை விடுவதுதான் மிச்சம். அமெரிக்காவில் 2022, 2023 ஆண்டுகளில் பூனைகளுக்கென்றே பெக்ஸாக்ளிஃப்ளோசின், வெலாக்ளிஃப்ளோசின் என்ற வாய்வழி மருந்துகள் அனுமதி பெற்றன. அவை எல்லாப் பூனைக்கும் ஏற்றவை அல்ல. சர்க்கரை எண் நன்றாக இருக்கும்போதே ரத்தம் அமிலமாகும் ஆபத்து அவற்றில் உண்டு. அந்த வகை மனித மாத்திரையை உடைத்து நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

சாப்பாடு

மீட்ட பூனை இதுவரை தயிர்சாதம், பால்சோறு, பிஸ்கட், மீன் குழம்பு ஊற்றிய சோறு என்று வளர்ந்திருக்கும். பூனை மாமிசம் மட்டுமே தின்னப் படைக்கப்பட்ட பிராணி. அரிசியும் பாலும் அதற்கு நேராகச் சர்க்கரை. டிரை ஃபுட் நிலைமையும் பெரும்பாலும் இதுதான். நமக்கு வேண்டியது, மொத்தக் கலோரியில் மாவுச்சத்து 10 முதல் 12 சதவீதத்துக்குள் அடங்கும் உணவு.

இதைப் பாக்கெட்டின் பின்பக்கத்தை வைத்தே கணக்கிடலாம். 100-லிருந்து புரதம், கொழுப்பு, நார், ஈரப்பதம், சாம்பல் (தாது உப்புகளின் அளவு) ஐந்தையும் கழித்தால் மீதி மாவுச்சத்து. சாம்பல் போடவில்லையென்றால் வெட் ஃபுட்டுக்கு 2, டிரை ஃபுட்டுக்கு 8 என்று வைத்துக்கொள்ளுங்கள். புரதத்தையும் மாவையும் 3.5-ஆலும், கொழுப்பை 8.5-ஆலும் பெருக்கினால் கலோரி. ஒரு பவுச்சில் புரதம் 10, கொழுப்பு 3, நார் 0.5, ஈரம் 82, சாம்பல் 2 என்றால் மாவு 2.5. கலோரி 35, 25.5, 8.75, மொத்தம் 69.25. மாவின் பங்கு 12.6 சதவீதம், ஏறக்குறைய எல்லையில் நிற்கிறது. ஒரு டிரை ஃபுட்டில் புரதம் 32, கொழுப்பு 11, நார் 4, ஈரம் 10, சாம்பல் 8 என்றால் மாவு 35. இதே கணக்கில் 37 சதவீதம். "டயாபடிக்" என்று எழுதியிருக்கிறதா என்று தேடுவதைவிட இந்தக் கணக்கு நம்பகமானது. பாக்கெட்டில் இருப்பவை குறைந்தபட்சம், அதிகபட்சம் என்ற வரம்புகள்தான் என்பதால் விடை தோராயமே. ஆனாலும் இரண்டு பவுச்சுகளில் எது தேவலை என்று தெரிந்துவிடும். கெட்டிக் குழம்பாக வரும் கிரேவி வகைகளில் ஸ்டார்ச் சேர்ப்பதுண்டு. கூழாக அரைத்த பேட் வகை பெரும்பாலும் மேல்.

இன்சுலின் போட்டுக்கொண்டிருக்கும் பூனைக்குச் சாப்பாட்டை மாற்றுவது சாதாரண விஷயமல்ல. மாவைக் குறைத்த சில நாட்களிலேயே இன்சுலின் தேவை சடாரென்று இறங்கிவிடும்; பழைய அளவே தொடர்ந்தால் சர்க்கரை பாதாளத்துக்குப் போகும். எனவே உணவை முதலில் மாற்றி நிலைப்படுத்திவிட்டு இன்சுலின் தொடங்குவது எளிது. ஏற்கனவே ஊசி நடக்கிறது என்றால், ஏழிலிருந்து பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். தினமும் அளந்து, டாக்டரிடம் சொல்லி அளவைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும்.

பவுச் மட்டுமே கட்டுப்படியாகாது என்பது உண்மை. உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்த கோழியை ஒரு பகுதியாகச் சேர்க்கலாம். தினசரிக் கலோரியில் பத்தில் ஒன்று என்பது பாதுகாப்பான எல்லை. முழுக்கக் கோழியே கொடுத்தால் கால்சியம் பற்றாது. வேகவைத்த நீரைக் கொட்டினால் பூனைக்கு அத்தியாவசியமான டாரின் என்ற சத்தும் போய்விடும். அந்த வழியில்தான் போக வேண்டும் என்றால், டாக்டரிடம் சப்ளிமென்ட் அளவுடன் திட்டம் எழுதி வாங்குங்கள். தினமும் மத்தி மீன் மட்டும் கொடுத்தால் வைட்டமின் ஈ குறைந்து உடம்புக் கொழுப்பு அழற்சியாகும். கருவாட்டில் உப்பு அதிகம். வெங்காயம், பூண்டு சேர்ந்த குழம்பு ஒரு துளியும் கூடாது; பூனையின் ரத்த சிவப்பணுவை அது உடைக்கும்.

அளவு, கிலோவுக்கு நாளொன்றுக்கு 40 முதல் 60 கலோரி. மெலிந்த பூனைக்கு மேல் எல்லை, குண்டுப் பூனைக்குக் கீழ் எல்லை. குண்டுப் பூனையும் வாரத்துக்கு உடல் எடையில் ஒரு சதவீதத்துக்கு மேல் வேகமாகக் குறைய வேண்டாம். பட்டினி போடவே கூடாது; சில நாள் சாப்பிடாத பூனையின் ஈரலில் கொழுப்பு அடைத்து அதுவே உயிருக்கு உலை வைக்கும்.

காதிலிருந்து ரத்தம் எடுப்பது

வீட்டில் அளக்காமல் இன்சுலின் போடுவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். ஒரு முறை பழகிவிட்டால் அரை நிமிட வேலை. சாதாரண மனிதக் குளுக்கோமீட்டரே போதும். ஆனால் பூனை ரத்தத்தில் அது உண்மையைவிடக் குறைத்துக் காட்டும் என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பூனைகளுக்கான தனி மீட்டரும் உண்டு. எதைத் தொடங்கினாலும் அதையே தொடர வேண்டும், மாற்றி மாற்றிப் பார்த்தால் எண்கள் ஒப்பிட உதவாது.

முதல் வாரம் ஊசியே குத்தாமல் தினமும் ஒரே இடத்தில் உட்கார வைத்து, காதைத் தடவி, ஒரு துண்டு கோழி கொடுங்கள். மீட்ட பூனைக்கு இந்த வாரம் மிகவும் தேவை. பிறகு:

1. காதை விரலால் தேய்த்துச் சூடேற்றுங்கள். ஏசி அறையில் இருந்த பூனை என்றால் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை அரை நிமிடம் வையுங்கள்.
2. காதின் வெளி ஓரமாக ஓடும் மெல்லிய ரத்தக்குழாய்க்கும் விளிம்புக்கும் நடுவே துளி வாசலின் தடவுங்கள். ரத்தம் முடியில் பரவாமல் மணியாக நிற்கும்.
3. காதுக்குப் பின்னால் மடித்த பஞ்சை வைத்துப் பிடித்து, 28 கேஜ் லான்செட்டை (ரத்தம் எடுக்கக் குத்தும் சிறு ஊசி) கையாலேயே சட்டென்று குத்துங்கள். கருவியின் "டக்" சத்தம் பல பூனைகளை மிரட்டும்.
4. மணியளவு ரத்தம் வந்ததும் ஸ்ட்ரிப் நுனியைத் தொடவிடுங்கள். மேலே இருந்து சொட்ட விடாதீர்கள்.
5. பஞ்சால் இருபது முப்பது விநாடி அழுத்துங்கள். உடனே ஒரு துண்டு கோழி.

ரத்தம் வரவில்லையென்றால் காரணம் அநேகமாகக் குளிர்ந்த காதுதான். சென்னைக் காற்றின் ஈரம் ஸ்ட்ரிப்பைக் கெடுக்கும். எடுத்த மறுகணம் டப்பியை மூடுங்கள், ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். நம்ப முடியாத எண் வந்தால் உடனே இன்னொரு ஸ்ட்ரிப்பில் பாருங்கள்.

காதைத் தொடவே விடாத பூனைக்கு, மனிதர்கள் கையில் ஒட்டும் 14 நாள் சர்க்கரை சென்சாரை டாக்டர் முதுகிலோ விலாவிலோ முடி மழித்து ஒட்டலாம். பூனையில் அது பல சமயம் 14 நாள் தாங்காது. அது காட்டுவது தோலடித் திரவத்தின் சர்க்கரை. ரத்தத்தைவிடச் சில நிமிடம் பின்தங்கும். குறைவாகக் காட்டினால் காது ரத்தத்தில் சரிபாருங்கள்.

ஊசி போடும் முறை

காலை 7, இரவு 7 என்று உங்களால் வருடம் முழுக்கக் கடைப்பிடிக்க முடிந்த நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். வரிசை எப்போதும் ஒன்றே: அளப்பது, சாப்பாடு, ஊசி. பூனை தட்டில் வாய் வைத்துச் சாப்பிடத் தொடங்கியதைப் பார்த்த பிறகே சிரிஞ்சை எடுங்கள்.

கிளார்ஜினைக் குலுக்கத் தேவையில்லை. பால்போல் கலங்கலான மற்ற வகைகளை அதன் தாளில் சொன்னபடி கலக்க வேண்டும். கோட்டுக்குச் சற்று மேல் இழுத்து, சுண்டிக் குமிழியை மேலேற்றி, சரியான கோட்டுக்குத் தள்ளுங்கள். 1 யூனிட் என்பது 0.01 மி.லி.; அதில் ஒரு குமிழி இருந்தாலே பாதி மருந்து போச்சு. மீதியைக் கார்ட்ரிட்ஜுக்குள் திருப்பி விடாதீர்கள். காற்றையும் உள்ளே ஏற்றாதீர்கள்.

பிடரியில் போடுவது எளிதென்று பலரும் அங்கேயே போடுகிறார்கள். அங்கே ரத்த ஓட்டம் குறைவு. மருந்து ஒரு நாள் ஒருவிதமாகவும் மறுநாள் வேறுவிதமாகவும் உறிஞ்சப்படும். விலாவின் பக்கவாட்டு, வயிற்றின் பக்கம், தொடைக்கு முன்னால் உள்ள மடிப்பு ஆகியவை நல்ல இடங்கள். தோலைக் கூடாரம் போலத் தூக்கி, அடிப்பகுதியில் 45 டிகிரிச் சாய்வில் ஊசியை நுழைத்து, தள்ளி, ஒன்று இரண்டு மூன்று எண்ணி எடுங்கள். ஸ்பிரிட் தடவத் தேவையில்லை. எரிச்சலும் வாசனையும் பூனையை ஓடவைக்கும். இடது, வலது என்று வேளைக்கு வேளை மாற்றுங்கள்.

முடி நனைந்திருந்து மருந்து வாசனை வந்தால் ஊசி மறுபக்கம் துளைத்து வெளியே பீய்ச்சியிருக்கிறது. எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாது. அந்த வேளை மறுபடி போடாதீர்கள். ஒரே ஒரு வேளை மட்டும் சர்க்கரை ஏறி இருப்பதால் ஒன்றும் ஆகாது. இரட்டை அளவு ஆபத்து. மறந்துபோன வேளைக்கும் இதே விதி: அடுத்த வேளையில் சேர்த்துப் போடக் கூடாது.

ஒருமுறை குத்திய ஊசியை மறுபடி பயன்படுத்தாதீர்கள். தேய்ந்த நுனி வலிக்கும், பூனை கையை நம்பாது. பயன்படுத்தியவற்றை ஃப்ளோர் கிளீனர் பாட்டில் போன்ற கெட்டியான பிளாஸ்டிக்கில் சேர்த்து, மூடி இறுக்கி, க்ளினிக்கிலோ வீட்டு அபாயக் கழிவாகத் தனியாகவோ கொடுங்கள். குப்பையைக் கையால் பிரிக்கும் துப்புரவுத் தொழிலாளியின் விரலில் அது ஏறக் கூடாது.

ஊசியை நிறுத்தி யோசிக்க வேண்டிய வேளைகள்

ஊசிக்கு முந்தைய ரீடிங் 200-க்குக் கீழ் இருந்தால், புதிதாகத் தொடங்கியவர்கள் ஊசியையும் சாப்பாட்டையும் நிறுத்தி வைத்து, இருபது முப்பது நிமிடம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். ஏறிக்கொண்டிருக்கிறதா, இறங்குகிறதா என்று அப்போது தெரியும். இன்னமும் 200-க்குக் கீழ் என்றால் டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள். அனுபவமும் பூனையின் பழைய எண்களும் கையில் சேர்ந்த பிறகு இந்த எல்லையை டாக்டர் இறக்கித் தருவார். பூனை பாதிதான் சாப்பிட்டது, வாந்தி எடுத்தது, சாப்பாட்டை மோந்துவிட்டுப் போனது, இவை ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு போடுவது என்பதை முதல் நாளே டாக்டரிடம் எழுதி வாங்கி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். ராத்திரி ஏழு மணிக்கு டாக்டரின் போன் எடுக்கப்படாத நேரத்தில் அந்தத் தாள்தான் துணை.

அளவை எப்போது கூட்டுவது

வாரத்துக்கோ இரண்டு வாரத்துக்கோ ஒரு நாள், காலை ஊசியிலிருந்து மாலை ஊசி வரை இரண்டு மணிக்கு ஒருமுறை அளந்து எழுதுங்கள். இதில் பார்க்க வேண்டியது மிகக் குறைந்த எண் எது, எந்த மணிக்கு வந்தது என்பதே. 7 மணிக்கு 360, 9-க்கு 290, 11-க்கு 190, 1-க்கு 125, 3-க்கு 150, 5-க்கு 240, 7-க்கு 340 என்று வந்தால், காலை 360 என்ற எண் கலவரப்படுத்தும். ஆனால் அடிமட்டம் 125. அடிமட்டம் 80-க்கும் 150-க்கும் நடுவே இருப்பதைத்தான் நாம் கேட்கிறோம். அளவைத் தொடக் கூடாது. நாள் முழுக்க 300-க்கு மேலேயே நின்றால் அரை யூனிட் கூட்டலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அடிமட்டம் 80-க்குக் கீழ் போனால் குறைக்க வேண்டும்.

கூட்டினாலும் குறைத்தாலும் அரை யூனிட்தான். கூட்டிய பிறகு ஐந்திலிருந்து ஏழு நாள் காத்திருங்கள். கிளார்ஜின் தோலடியில் சேர்ந்து மெதுவாகக் கரையும் மருந்து. அதன் முழு விளைவு மூன்றாம் நாளுக்கு மேல்தான் தெரியும். காலையில் ஒரு பெரிய எண்ணைப் பார்த்துவிட்டு அன்றே கூட்டுவதுதான் பூனைகளைப் பள்ளத்தில் தள்ளும் முதல் காரணம்.

எண்களைத் தாண்டியும் பூனை பேசும். காலையில் 500 மி.லி. குடிதண்ணீர் அளந்து ஊற்றி, மறுநாள் மீதியை அளங்கள். பக்கத்தில் பூனை தொடாத இன்னொரு கிண்ணம் வைத்தால் வெயிலில் ஆவியானது எவ்வளவு என்று தெரியும். நாளுக்குக் கிலோவுக்கு 100 மி.லி. தாண்டினால் கட்டாயம் மிகை. வெட் ஃபுட் பூனை அதில் சிறு பங்குதான் குடிக்கும். வாரம் ஒருமுறை, கூடையோடு பூனையைப் பயணப் பெட்டி எடை பார்க்கும் தொங்கு தராசில் மாட்டிக் கூடை எடையைக் கழியுங்கள்.

வேளைக்கு 5, 6 யூனிட் வரை போயும் எண்கள் அசையவில்லை என்றால் அளவை மேலும் ஏற்றுவதற்கு முன் காரணத்தைத் தேடுங்கள்: கெட்டுப்போன இன்சுலின், தவறான சிரிஞ்ச், பல், சிறுநீர்த் தொற்று, கணைய அழற்சி, வெளியே யாரோ போடும் சாப்பாடு. எதுவுமில்லை என்றால் வளர்ச்சி ஹார்மோன் மிகையாகச் சுரக்கும் அக்ரோமெகலியைப் பார்க்க ஐஜிஎஃப்-1 பரிசோதனை உண்டு.

சர்க்கரை இறங்கிவிட்டால்

மனித மீட்டரில் 70-க்குக் கீழ் காட்டினால் பூனை நன்றாகத் தெரிந்தாலும் செயல்பட வேண்டும். தள்ளாடுவது, வெறித்துப் பார்ப்பது, திடீர்ப் பசி, இருட்டு மூலையில் ஒடுங்குவது, நடுக்கம், கடைசியில் வலிப்பு. அறிகுறி தெரிந்து மீட்டர் கையில் இல்லையென்றால் அளக்க நேரம் கடத்தாதீர்கள்.

சாப்பிடும் நிலையில் இருந்தால் இதுவரை ஒதுக்கிய மாவுள்ள டிரை ஃபுட்டையோ கிரேவியையோ கொடுங்கள்; மேலே தேன் ஊற்றலாம். தள்ளாடினால் தேன் அல்லது கெட்டியாகக் கரைத்த குளுக்கோஸ் பொடியை ஈறிலும் கன்னத்தின் உட்புறத்திலும் சிறிது சிறிதாகத் தடவுங்கள். மொத்தம் ஒரு டீஸ்பூன் வரை. தொண்டையில் ஊற்றினால் நுரையீரலுக்குப் போகும். வலிப்பு வந்துகொண்டிருந்தால் பற்களுக்கு நடுவே விரல் விடாமல் உதட்டின் உள்ளே தடவிக்கொண்டே வண்டியில் ஏறுங்கள். 15 நிமிடத்துக்கு ஒருமுறை அளங்கள். தெளிந்துவிட்டாலும் டாக்டரிடம் போக வேண்டும். தேன் அரை மணியில் தீரும், இன்சுலின் இன்னும் பல மணி நேரம் உள்ளே வேலை செய்யும். அடுத்த வேளை ஊசி டாக்டர் சொல்லும்வரை இல்லை.

எதிர்ப்பக்க ஆபத்து கீட்டோன்: இன்சுலின் போதாமல் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது உண்டாகி ரத்தத்தை அமிலமாக்கும் பொருள். பூனை சாப்பிடவில்லை, வாந்தி, சுருண்டு படுத்திருக்கிறது, மூச்சில் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாடை என்றால் சிறுநீர் கீட்டோன் ஸ்ட்ரிப்பில் பாருங்கள். லேசான நிறமாற்றம் என்றால் அன்றே டாக்டரை அழையுங்கள். நடுத்தரமோ அதற்கு மேலோ என்றால் உடனே மருத்துவமனை. அதற்கு டிரிப்பும் பொட்டாசியமும் மணிக்கணக்கில் கண்காணிப்பும் வேண்டும், வீட்டில் முடியாது.

வெயில், மின்வெட்டு, மழைக்காலம்

இன்சுலின் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். ஃப்ரீசரை ஒட்டியோ பின்சுவரைத் தொட்டோ வைத்தால் உறைந்துவிடும்; உறைந்தது உருகினாலும் பயனில்லை. நடுத்தட்டில் ஒரு சிறு டப்பாவுக்குள் வையுங்கள். கத்திரி வெயிலில் மெடிக்கல் ஷாப்பிலிருந்து பைக்கில் கொண்டுவரும் அரை மணிக்கும் ஜெல் பேக் போட்ட பை தேவை. ஜெல்லைத் தொடாதபடி துணியில் சுற்றுங்கள். ஓரிரு மணி மின்வெட்டில் ஃபிரிட்ஜைத் திறக்காமல் இருந்தாலே போதும். 2016 வர்தா, 2023 மிக்ஜாம் போல நாள்கணக்கில் கரண்ட் போனால் தெர்மோகோல் பெட்டியும் ஐஸும் வேண்டும். அக்டோபர் தொடங்கும்போதே இரண்டு வாரத்துக்கான சிரிஞ்ச், ஸ்ட்ரிப், பவுச், ஒரு கூடுதல் கார்ட்ரிட்ஜ் இருக்கட்டும். மருந்து 30 டிகிரிக்கு மேல் பல மணி நேரம் இருந்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால் மாற்றிவிடுவதே நல்லது.

வீட்டில் பலர், பூனைகள் பல

அம்மா போட்டுவிட்டார் என்று தெரியாமல் மகன் மறுபடி போடுவது உண்மையான ஆபத்து. ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள்: தேதி, நேரம், ரீடிங், சாப்பாடு, யூனிட், போட்டவர் பெயர். கையெழுத்து இல்லாவிட்டால் போடவில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். போனில் கேட்டு உறுதியான பிறகே போட வேண்டும். உறுதியாகவில்லை என்றால் அந்த வேளையை விட்டுவிடுங்கள்.

சுகர் பூனை இனி வெளியே திரியக் கூடாது. பால்கனிக்கு வலை போடுங்கள். அண்டை வீட்டாரிடமும் வாட்ச்மேனிடமும் இதற்கு எதுவும் போடாதீர்கள் என்று காரணத்தோடு சொல்லுங்கள். மற்ற பூனைகளின் டிரை ஃபுட் தட்டு நாள் முழுக்கத் திறந்து கிடக்கக் கூடாது. தனி அறையில் வேளைக்கு இருபது நிமிடம் வைத்து எடுத்துவிடுவதே வழி. குறை மாவு உணவு ஆரோக்கியமான பெரிய பூனைகளுக்கும் ஏற்றதுதான். எல்லோருக்கும் அதையே போட்டுவிட்டால் காவல் வேலை குறையும்.

இன்சுலின் தேவைப்படாமல் போகும்போது

முதல் ஆறு மாதத்துக்குள் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்த பூனைகளுக்கும், ஸ்டீராய்டால் சுகர் வந்த பூனைகளுக்கும் இந்த வாய்ப்பு அதிகம். அடிமட்டம் தொடர்ந்து 80-ஐ ஒட்டியே வரும், ஊசிக்கு முந்தைய எண்ணும் 150-க்குக் கீழ் இறங்கும். டாக்டர் அரை அரையாகக் குறைத்து நிறுத்துவார். குதிகால் நடை நிமிர மேலும் வாரங்கள், சில பூனைகளுக்கு மாதங்கள் ஆகும். வைட்டமின் பி12-இன் ஒரு வடிவமான மீதில்கோபாலமின் கொடுப்பதில் கெடுதல் இல்லை. நரம்பை மீட்பது முக்கியமாகச் சர்க்கரைக் கட்டுப்பாடுதான்.

ஊசி நின்ற முதல் மாதம் வாரம் இருமுறையும், அதன் பிறகு மாதம் இருமுறையும் அளந்துகொண்டே இருங்கள். அதே சாப்பாடு ஆயுசுக்கும் தொடர வேண்டும். பூனையைத் தத்துக்குக் கொடுப்பதாக இருந்தால், அதன் கோப்பின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் இரண்டு வரி எழுதுங்கள்: இதற்குச் சுகர் இருந்தது, டாக்டரிடம் சொல்லாமல் ஸ்டீராய்டு போடக் கூடாது. புது வீட்டார் உங்கள் கண்முன் காதில் குத்தி அளந்து, வெறும் சலைனை ஊசியாகப் போட்டுக் காட்டிய பிறகு பூனையை ஒப்படையுங்கள். மீட்டர், பாதி தீர்ந்த ஸ்ட்ரிப் டப்பி, எழுதிய தாள்கள் எல்லாம் கூடவே போகட்டும்.